திருப்பூர் சாயப்பட்டறை கணக்கு தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

வணக்கம்ங்க. எம்.ஏ எகனாமிக்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு திருப்பூர் சாயப்பட்டறைங்கள எடுத்திருக்கேன், சுற்றுச்சூழல் கட்டுப்பாடு வந்தா உற்பத்தித்திறன் குறையுதா கூடுதான்னு பாக்கணும். 2011 ஜனவரில சென்னை ஹைகோர்ட் பட்டறைங்கள மூடச் சொன்னப்புறம், கழிவுநீர ஒரு சொட்டுகூட வெளிய விடாம சுத்திகரிச்சாத்தான் ஓட்டலாம்ங்கறது ரொம்ப கறாராயிருச்சு. ஆர்ஓ (சவ்வு வழியா தண்ணிய வடிகட்டுறது), அதுக்கப்புறம் எவாப்பரேட்டர் (மிஞ்சுற உப்புத்தண்ணிய காய்ச்சி ஆவியாக்குறது), அதுக்கு ஆகுற கரண்டு, விறகுன்னு செலவு கொஞ்சநஞ்சமில்ல, ஆனா தண்ணி பெரும்பாலும் திரும்ப பட்டறைக்கே வருது, சாயம் ஏத்த போட்ட உப்பும் கொஞ்சம் மீளுது.

சந்தேகம் இங்கதான். மீண்ட தண்ணி, உப்ப உற்பத்தில சேக்கறதா, செலவுல கழிக்கறதா? ஷெட்டுல மூட்டை மூட்டையா கெடக்குற, சுத்திகரிப்புல கடைசியா மிஞ்சி யாரும் வாங்காத கலப்பு உப்ப எதுல வைக்க? இன்னொன்னு, சாயக்கழிவு போய்ச் சேந்த நொய்யல் ஆறு பட்டறை கணக்கு நோட்டுல வரவே வராது. அந்த ஆத்துல இருக்குற ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ நெலம் கெட்டுப்போன விவசாயிங்க நஷ்டத்தையும் சேத்தாத்தான் அது நியாயமான கணக்கு, ஆனா கைடு அத தனியா வைக்கச் சொல்றார்.

பொது சுத்திகரிப்பு நிலையத்துல வேலை பாக்குறவங்க யாராச்சும் இருந்தா, ஒரு கிலோ துணிக்கு சுத்திகரிப்புச் செலவு 2011க்கு முன்ன எவ்ளோ, இப்ப எவ்ளோன்னு சொல்லுங்க ப்ளீஸ். பட்டறை பேரு எங்கயும் வராது.