படிவம் நான்குக்குச் சிறுகதை: வரலாறு முதலிலா, கதை முதலிலா?

கேள்வி: பயிற்சி ஆசிரியர், சுங்கை சிப்புட்

வணக்கம். நாங்கள் நான்கு பேர், கடைசி ஆண்டுப் பயிற்சி ஆசிரியர்கள். படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு மணி நேரச் சிறுகதைப் பாடம் தயாரிக்கிறோம். கதை மலாயாவில், ஆங்கிலேயர் ஆட்சி கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவித்த அவசரகாலத்தில் நடக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு தாய் விடியுமுன்னே கம்பிவேலி வாயிலில் சோதனைக்கு நிற்கிறாள். வாளியின் அடியில் ஒரு பிடிச் சோறு. வேலியைத் தாண்டிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. காவலுக்கு நிற்பவனோ அவள் குடியிருக்கும் அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்த பையன். வாளிக்குள் பார்க்கிறான், அவள் முகத்தைப் பார்க்கிறான், “போ” என்கிறான். அவ்வளவுதான் கதை.

எங்களுக்குள் இழுபறி பீடிகையில், அதாவது பாடத்தின் தொடக்கத்தில்தான். 1948 முதல் 1960 வரை நடந்ததைப் படங்களோடு 15 நிமிடம் விளக்காமல் கதைக்குள் போகவே கூடாது என்று இருவர் சொல்கிறார்கள். ஒரு பிடிச் சோறு ஏன் குற்றமானது என்று தெரியாத பிள்ளைக்குக் கதை எப்படிப் புரியும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பாத்திரமேற்று நடித்தல், மனவோட்டவரை (கருத்துகளைக் கிளைகளாக வரைவது), குழுப் படைப்பு எல்லாம் போக, வாசிக்க மிஞ்சுவது 10 நிமிடம். எனக்கு மனம் ஒப்பவில்லை. 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுடப்பட்டது இந்த வட்டாரத்தில்தான்; அதையடுத்துத்தான் அவசரகாலம் வந்தது. இந்தப் பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டிமார் கதை இது. தேதிகளுக்குள் அது மூழ்கிவிடக் கூடாது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தெலுக் இந்தான்

தம்பி, கதை முதலில். வரலாற்றை முன்னாலேயே கொட்டிவிட்டால், பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கக் கதையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

நீங்களே வாய்விட்டு வாசியுங்கள். நிதானமாக, தாளைப் பார்த்தே வாசியுங்கள். பையன் வாளிக்குள் பார்க்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, கடைசிப் பத்தியைக் கொடுக்காமல், “அவன் என்ன செய்வான், ஏன்?” என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: “ஒரு பிடிச் சோத்துக்கா சார் இவ்ளோ பயம்?” வரலாறு சொல்ல வேண்டிய நேரம் அதுதான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்ததையும், வாயிலில் உடம்பைத் தடவிச் சோதித்ததையும் அப்போது சொன்னால் ஒருவரும் கண்ணை மூட மாட்டார்கள். அந்தக் கேள்வி வரவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

பாத்திரமேற்று நடித்தலை எடுத்துவிடுங்கள். அந்தப் பையன் பேசாமல் நிற்கும் நொடியில்தான் கதையே இருக்கிறது. அதை 16 வயதுப் பிள்ளைகளை வகுப்பின் முன்னால் நடிக்கச் சொன்னால் வெட்கத்தில் சிரித்துவிடுவார்கள். அப்புறம் மீண்டும் கதைக்குள் கூட்டிவருவது கஷ்டம்.

பதில்: தோட்டத்தில் பிறந்தவள், பாகான் செராய்

நான் ஆசிரியை இல்லை, பால்வெட்டுக்காரியின் மகள். உங்கள் பிள்ளைகள் இன்னொரு கேள்வியும் கேட்பார்கள்: வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனால் என்ன? இப்போது சுற்றிலும் ரப்பருக்குப் பதில் செம்பனை (எண்ணெய்ப்பனை), அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே கிளம்பி மரம் வெட்ட வேண்டும். பிறகு பால் எடுத்து, ஸ்டோருக்குச் சுமந்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்ப உச்சிப்பொழுதாகும். காலை நான்கு மணிக்குக் குடித்த கோப்பி எவ்வளவு நேரம் தாங்கும்? அந்தச் சோறு ஒன்பது மணிப் பசிக்கு. இது தெரிந்தால்தான் அவள் ஏன் துணிந்தாள் என்பது விளங்கும்.

மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம், பால் மங்கு ஒன்று கிடைத்தால் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கத்தி வேண்டாம், பள்ளியில் சிக்கல் வரும்.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. குழுவில் பேசினோம். பீடிகை 5 நிமிடம்: மங்கைக் கைமாற்றி, அக்கா சொன்ன காலை வேலையை விளக்குவது. வாசிப்பு 15, இரண்டு வரி எழுத 10, வரலாறு 10, கடைசிப் பத்தியை வாசித்துக் கலந்துரையாட 15, முடிவுக்கு 5. ஒரு சந்தேகம்: பாட நோக்கத்தை எப்படி எழுதுவது? “அவசரகாலத்தைப் பற்றி அறிந்துகொள்வர்” என்றுதான் இப்போது இருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அது வரலாற்றுப் பாடத்தின் நோக்கம், தம்பி. “காவலன் ‘போ’ என்றதற்கான காரணத்தைக் கதையிலிருந்து இரண்டு சான்றுகள் காட்டி எழுதுவர்” என்று போடுங்கள். மதிப்பிடவும் எளிது, உயர்நிலைச் சிந்தனையும் அதிலேயே வந்துவிடும். பயந்து சொன்னான், பாசத்தில் சொன்னான், அவனுக்கும் பசி தெரியும் என்று பலவிதமாக எழுதுவார்கள். சான்று இருந்தால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

அப்படியே மாற்றிவிட்டோம், ஐயா. வரலாறு முதலில் வர வேண்டும் என்று வாதாடிய தோழிதான் அந்த 10 நிமிடத்தை நடத்தப்போகிறார். பாடம் அடுத்த செவ்வாய்க்கிழமை.