உதட்டு பாம், வாசலின், ஜெல்: லேபிளில் எதைப் பார்ப்பது?

பனிக்காற்று (கேள்வி):
நாள் முழுக்க ஏசி அறையில் வேலை. உதடு தோலுரிகிறது, முழங்கையும் குதிகாலும் சொரசொரவென்று இருக்கின்றன. கையில் இருக்கும் மூன்று பொருள்களின் லேபிளில் உள்ளதை அதே வரிசையில் தட்டியிருக்கிறேன்.

அ) குச்சி பாம்: விளக்கெண்ணெய், தேன்மெழுகு, கேண்டெலில்லா மெழுகு, ஷியா பட்டர், ஃப்ளேவர், மென்தால், வைட்டமின் ஈ.
ஆ) சின்ன டப்பா (வாசலின்): பெட்ரோலாட்டம். அவ்வளவுதான்.
இ) லிப் ஜெல்: தண்ணீர், கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால், சோடியம் ஹயலூரோனேட், ஃபீனாக்ஸிஎத்தனால், பர்ஃப்யூம்.

விலை அதிகம் இ-க்குத்தான். பூசியதும் நன்றாக இருக்கிறது, அரை மணியில் முன்பைவிட அதிகமாக இழுக்கிறது. இது ஏன்? மூன்றில் எதை வைத்துக்கொள்ளலாம்? உடம்புக்கும் அதையே பூசலாமா?

லேபிள்வாசி:
இ-யில் ஈரத்தை வெளியே விடாமல் தோலை மூடும் பொருள் எதுவும் இல்லை. அதுதான் சிக்கல்.

கிளிசரின், ஹயலூரோனேட், புரொப்பிலீன் கிளைகால் மூன்றும் தண்ணீரை இழுத்துப் பிடிக்கிறவை. காற்றில் ஈரம் இருந்தால் கொஞ்சம் அங்கிருந்தும் எடுக்கும். ஏசி அறைக் காற்று வறண்டது. ஜெல்லில் இருக்கும் தண்ணீர் முதலில் ஆவியாகிறது. மிஞ்சிய கிளிசரின் தோலின் அடியடுக்கிலிருந்து ஈரத்தை மேலே இழுக்கிறது, அதுவும் காற்றோடு போகிறது. உதட்டில் இது சீக்கிரம் தெரியும். அங்கே மேல்தோல் மெல்லியது, கன்னத்தில் இருப்பதுபோல் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் கிடையாது.

ஹயலூரோனேட் என்ற பெயருக்காகக் காசு கொடுக்காதீர்கள். லேபிளில் 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவை எடை வரிசைப்படி இறங்கும், அதற்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் போடலாம். இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளிலும் அப்படித்தான். அந்த 1 சதவீத எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க, கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஃபீனாக்ஸிஎத்தனாலைத் தேடுங்கள். ஐரோப்பிய விதியில் அதன் உச்சவரம்பே 1 சதவீதம், எனவே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அதற்கும் குறைவு. ஒரு படி முன்னால் நிற்பதால் ஹயலூரோனேட் அதிகம் என்றும் ஆகாது. பெரிய மூலக்கூறு வகையில் 1 சதவீதம் போட்டாலே கெட்டியான கூழாகிவிடும், ஆகவே பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் போடுவார்கள்.

பெட்ரோலாட்டம் இதற்கு நேர் எதிர். அது ஒரு சொட்டு ஈரமும் தராது, உள்ளே இருப்பதை வெளியே விடாது. தோல் வழியாகப் போகும் நீரை அது 98 சதவீதம் வரை தடுக்கும் என்று தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. மற்ற எண்ணெய்களுக்கு அவை தரும் கணக்கு 20–30 சதவீதம். காய்ந்த உதட்டில் பூசினால் வறட்சிக்கு மேல் மூடி போட்ட கதைதான். உதட்டைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் அரிசியளவு எடுத்துத் தடவுங்கள்.

குச்சி பாம் நடுவில் நிற்கிறது. மெழுகு மூடும், விளக்கெண்ணெயும் ஷியாவும் இடுக்கை நிரப்பி வழவழப்பாக்கும். மூடும் சக்தியில் ஆ-வுக்கு ஈடில்லை, ஆனால் வழியாமல் நிற்கும். என் தேர்வு: ஆ இருக்கட்டும். இ-யை வீணாக்க மனமில்லை என்றால் கீழே அதைப் பூசி, மேலே ஆ.

மருந்துக்குப்பி:
கடைசி வரியில் உடன்பாடில்லை. தோலுரிந்த உதட்டில் பர்ஃப்யூமும் புரொப்பிலீன் கிளைகாலும் எரியும், மேலே மூடி போட்டால் எரிச்சல் கூடத்தான் செய்யும். இ-யை உதடு ஆறும்வரை ஒதுக்கிவையுங்கள். அ-வையும்தான். மென்தால் தரும் குளிர்ச்சி ஈரம் அல்ல, நரம்பில் எழும் உணர்வு மட்டுமே. புண்ணான உதட்டில் அது எரிச்சலைத் தூண்டும், எரிகிறதே என்று திரும்பப் பூசுவோம், நாக்கால் தடவுவோம். எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோகும், அதிலுள்ள நொதிகள் தோலை அரிக்கும். கற்பூரம், லவங்கப்பட்டை எண்ணெய், புதினா எண்ணெய் உள்ள பாம்களுக்கும் இதே கதைதான்.

இரண்டு வாரம் வெறும் பெட்ரோலாட்டம் மட்டும் பூசிப் பாருங்கள். புதினா, பட்டை வாசனைப் பற்பசையையும் அந்த இரண்டு வாரம் மாற்றுங்கள். பாமைக் குறை சொல்லிக்கொண்டு பற்பசையை விட்டுவிடுவோர் நிறையப் பேர். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால் குற்றவாளி தெரியும். "இயற்கை" என்று எழுதியிருந்தால் ஒவ்வாமை வராது என்று நம்பவேண்டாம். விளக்கெண்ணெயின் ரிசினோலிக் அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, தேன்மெழுகில் ஒட்டிவரும் புரோபோலிஸும் (தேனீப் பிசின்) அப்படியே. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலினை அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2023-க்கான ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. அதற்காக எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. தன் எடையில் இரண்டு மடங்கு தண்ணீரை உள்வாங்கக்கூடிய அருமையான பொருள் அது. புதிய பாம் எதுவானாலும் முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் தினம் இருமுறை வீதம் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு உதட்டுக்குக் கொண்டுபோங்கள்.

வாயோர வெடிப்பு என்றால் பூஞ்சையோ சத்துக்குறைவோ இருக்கலாம். கீழுதட்டில் ஒரே இடம் மாதக்கணக்கில் செதிலாகவே இருந்தால், முக்கியமாக வெயிலில் வேலை செய்பவருக்கு, அது பாமால் தீர்வதல்ல. இரண்டுக்கும் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

உடம்புக்கு: முழங்கைக்கு 10 சதவீத யூரியா கிரீம், குதிகாலுக்கு 20–25 சதவீதம். குறைந்த அளவில் யூரியா ஈரம் பிடிக்கும், அளவு கூடினால் தடித்த தோலை இளக்கி உரிக்கும். வெடிப்பு திறந்திருந்தால் எரியும், உதட்டுக்கு வேண்டவே வேண்டாம். கைகாலுக்கு கிளிசரினும் டைமெத்திகோனும் (ஒருவகை சிலிகோன்) சேர்ந்த லோஷன் போதும். குளித்துத் துவட்டிய சில நிமிடத்துக்குள் பூசவேண்டும். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது சரி. நம் ஊர்ப் புழுக்கத்தில் பெட்ரோலாட்டத்தை உடம்பெல்லாம் பூசினால் பிசுபிசுக்கும், மயிர்க்கால்களில் பரு கிளம்பும். அது ஊறிய துணி சுலபமாகத் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பருகே கவனம்.

பனிக்காற்று:
இருவருக்கும் நன்றி. தேங்காய் எண்ணெய் மட்டும் போதாதா? வீட்டிலேயே பாம் செய்தால் கிளிசரினோ தேனோ சேர்க்கலாமா?

மெழுகுப்பட்டறை:
தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும். உதட்டில் ஓடிப் பரவும், நிற்காது. ஈர உதட்டில் ஒரு சொட்டு தடவி அதன்மேல் பெட்ரோலாட்டம் போட்டால் சரி. தனியாகப் போதாது.

பாமில் கிளிசரினும் தேனும் வேண்டாம். இரண்டும் எண்ணெயில் கரையாது. கலக்கும்போது கலந்தமாதிரி தெரியும், ஆறியதும் குச்சியின்மேல் பிசுக்கு முத்துகளாக வியர்க்கும். தண்ணீரோ பன்னீரோ விட்டால் பூஞ்சைக்கும் வழி செய்கிறீர்கள், பிறகு கெடாமல் காக்கும் பாதுகாப்பான், எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் பால்மமாக்கி என்று வேலை நீளும்.

100 கிராமுக்கு: தேன்மெழுகு 24, விளக்கெண்ணெய் 30, ஷியா பட்டர் 25, தேங்காய் எண்ணெய் 20, வைட்டமின் ஈ 1. கரண்டி அளவு உதவாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். முதல்முறை 20 கிராம் செய்தால் போதும், நான்கு குச்சி வரும். மெழுகு வாங்குமிடத்தில் கவனம், மெழுகுவத்திக்கு விற்பதில் பாரஃபின் கலப்பு உண்டு. பாரஃபினோடு விளக்கெண்ணெய் சரியாகச் சேராது, பிரிந்து கசியும். பெட்ரோலாட்டத்தையும் இந்தக் கலவையில் சேர்க்காதது அதனால்தான்.

அடுப்பில் நேரடியாக வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்குங்கள். தேன்மெழுகு 62–65 டிகிரியில் உருகும், 75-ஐத் தாண்டவேண்டாம். மெழுகும் விளக்கெண்ணெயும் தெளிந்தபின் தேங்காய் எண்ணெய், ஷியா. இறக்கியபின் வைட்டமின் ஈ. ஊற்றுமுன் ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியில் விட்டு ஃபிரிட்ஜில் ஐந்து நிமிடம் வையுங்கள். நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தால் மெழுகு அதிகம், குழைந்தால் குறைவு.

ஊற்றியதும் நடுவில் குழி விழும், ஓரம் முதலில் இறுகி நடுப்பகுதி கீழிறங்குவதால். கொஞ்சம் மிச்சம் வைத்து, குழி விழுந்தபின் மேலே ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் மணல்போல் நறநறத்தால் ஷியா மெதுவாக ஆறியிருக்கிறது, அதிலுள்ள கொழுப்பு பெரிய படிகமாகிவிட்டது. மறுபடி முழுதாக உருக்கி, ஊற்றியவுடன் ஃபிரிட்ஜில் வைத்து வேகமாக ஆறவிடவேண்டும். சித்திரை வெயிலில் கைப்பையில் கொண்டுபோவதானால் தேங்காய் எண்ணெயில் 4 கிராம் குறைத்து அந்த அளவுக்கு கேண்டெலில்லா போடுங்கள், அது 70 டிகிரியை ஒட்டித்தான் உருகும். வாசனைக்கு எலுமிச்சைத் தோல் பிழிந்த எண்ணெய் மட்டும் வேண்டாம், வெயில் பட்டால் தோல் கருத்துப் புண்ணாகும்.

லேபிள்வாசி:
மருந்துக்குப்பி சொல்வது சரி, புண் இருக்கும்போது இ வேண்டாம். டப்பா தீர்ந்தால் மருந்துக்கடையில் "ஒயிட் சாஃப்ட் பாரஃபின் ஐபி" (ஐபி என்றால் இந்திய மருந்துத் தரநூல்) என்று கேளுங்கள், அதுவும் பெட்ரோலாட்டம்தான், மருந்துத் தரத்தில். வாசனை இல்லாததா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.