மறு: சோல் இசைக்கு என்ன சொல்? ‘உயிரிசை’ என்று வைக்கலாம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பாடகர் சாம் குக் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்து மூன்று வாரமாகிறது. இன்னும் முதல் வரியைத் தாண்டவில்லை. அந்த வரியில் இரண்டு இடம் காலியாகக் கிடக்கிறது. ஒன்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ (soul, நேர்ப்பொருள் ஆன்மா) என்ற இசைவகைக்கான சொல். இன்னொன்று, பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவருக்கான சொல். போன வாரம் இங்கே கேட்டேன். வந்த பதில்களையெல்லாம் அச்செடுத்து வைத்துப் படித்தேன். இப்போது எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. அதைச் சொல்ல சாம் குக்கின் வாழ்க்கையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆன்மா என்ற நேர்ச்சொல் இருக்கிறதே. ‘ஆன்ம இசை’ போதாதா?

முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாம் குக் பிறந்தது 1931 சனவரி 22, மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேலில். அப்பா சபை ஊழியர். சின்னக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் பிழைப்புக்காக வடக்கு நகரங்களுக்குச் சாரிசாரியாகப் போன காலம். உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து சபைகளில் பாடி வளர்ந்த பையன், இருபது வயதை ஒட்டி ‘சோல் ஸ்டரர்ஸ்’ என்ற புகழ்பெற்ற நற்செய்திப் பாடற்குழுவின் முன்னணிப் பாடகர் ஆனார். ஆர். எச். ஹாரிஸ் என்ற பெரிய பாடகர் விலகிப் போன இடம் அது.

இந்தக் குழுவின் பெயரைக் கவனியுங்கள். தமிழில் சொன்னால் ‘ஆத்துமாக்களை அசைப்பவர்கள்’. நான் நெல்லைப் பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்தில் வளர்ந்தவன். எங்கள் கோயிலில் வாசிக்கும் வேதாகமத்தில் 103ஆம் சங்கீதம் ‘என் ஆத்துமாவே’ என்றுதான் தொடங்கும். ஆத்துமா கர்த்தருக்கு உரியது, பாவத்திலிருந்து மீட்கப்பட வேண்டியது. குழுவின் பெயரில் இருக்கும் சோல் அந்த ஆத்துமாதான். அங்கே ஆன்மா, ஆத்துமா, எதைப் போட்டாலும் பொருந்தும்.

ஆனால் சாம் குக் அந்த இடத்தை விட்டு வெளியே வந்தார் என்பதுதான் அவருடைய கதை. சோல் ஸ்டரர்ஸோடு ‘வொண்டர்ஃபுல்’ என்று கடவுளைப் பாடிய பாட்டு ஒன்று இருந்தது. அதே மெட்டை வைத்துக்கொண்டு, கடவுள் இருந்த இடத்தில் காதலியை வைத்து ‘லவபிள்’ என்று பாடிப் பதிவு செய்தார். சபைக்காரர்கள் மனம் புண்படும் என்று ‘டேல் குக்’ என்ற புனைபெயரில் அது வெளியானது. பெயரை மாற்றலாம், அந்தக் குரலை மாற்ற முடியுமா? கேட்டவர்கள் கண்டுகொண்டார்கள்.

எங்கள் ஊரில் இதன் மறுபக்கம் நடக்கும். சினிமாப் பாட்டின் மெட்டில் யாராவது ஒரு ஞானப்பாட்டு கட்டிக்கொண்டு வருவார்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சின்னப்பிள்ளைகள் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதற்கும் முன்னால் போனால், நம் ஆழ்வார்களும் நாயன்மார்களும் அகப்பாட்டின் தலைவனையும் தலைவியையும் அப்படியே எடுத்துக் கடவுளிடம் கொண்டுபோனவர்கள். காதலில் இருந்ததைப் பக்திக்குக் கொடுத்தார்கள். சாம் குக் பக்தியில் இருந்ததைக் காதலுக்குத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் திருப்பத்துக்குப் பெயர்தான் சோல் இசை. பாடகர் ரே சார்ல்ஸும் சற்று முன்னால் இதையே செய்தவர். தேவாலயத்தின் குரலும் கைத்தட்டும் அப்படியே இருக்க, பாடுபொருள் மட்டும் வீட்டுக்கும் தெருவுக்கும் வந்துவிட்டது.

இப்போது ‘ஆன்ம இசை’ என்று எழுதினால் தமிழ் வாசகர் மனதில் என்ன வரும்? பசனை வரும், தியான மண்டபத்தில் மெல்ல ஒலிக்கும் புல்லாங்குழல் வரும். கையில் சம்பளம் இருந்தும் பேச ஒரு பெண் இல்லையே என்று சனிக்கிழமை இரவில் புலம்புகிறவனைப் பற்றியும் பாடியவர் சாம் குக். அவர் விட்டு வந்த வீட்டுக்கே அவரைத் திருப்பி அனுப்புகிற சொல் அது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ‘ஆத்ம கீதம்’ என்பதற்கும் இதுவேதான் என் பதில்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் நமக்கு ஆன்மா தனியாக, உயிர் தனியாக இருக்கிறது. குழுவின் பெயரில் இருப்பது ஆத்துமா, இசையின் பெயரில் இருப்பது உயிர். உயிர் என்றால் மூச்சும் அதுதான், காதலும் அதுதான். ‘அவள் மேல் உயிராக இருக்கிறான்’ என்போம். அந்த இடத்தில் ஆன்மாவைப் போட்டுப் பாருங்கள், வாக்கியமே நிற்காது.

உயிர் என்பதை நான் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது இலக்கணத்தில் இருக்கிறது. சாம் குக்கின் பாட்டை ஒருமுறை கேட்டவர்களுக்கு அந்த ‘ஓ’ மறக்காது. ஒரே ‘ஓ’வை ஐந்தாறு சுரங்களாக உடைத்து, நெளித்து, கீழே இறக்கி விடுவார். சோல் ஸ்டரர்ஸ் காலத்திலேயே வந்துவிட்ட பழக்கம் அது. பிறகு வந்த பாடகர்கள் எத்தனையோ பேர் அதை எடுத்துக்கொண்டார்கள். மேற்கத்திய இசையில் இதை மெலிஸ்மா என்பார்கள். ஓர் உயிரெழுத்தின் மேல் பல சுரங்கள். இதற்கும் சொல் தேவைப்பட்டுத் தேடியபோதுதான் தொல்காப்பியத்தில் நூன்மரபின் கடைசி நூற்பா நினைவுக்கு வந்தது. ‘அளபிறந்து உயிர்த்தலும் ஒற்றிசை நீடலும்’ என்று தொடங்கும். எழுத்துகள் தமக்குரிய மாத்திரையைக் கடந்து ஒலிப்பது இசையோடு சேர்ந்த இடத்தில் உண்டு, அது யாழ்நூலார் சொல்வது என்று அங்கேயே சொல்லி முடிகிறது. அளபு, உயிர்த்தல், இசை மூன்றும் ஒரே இடத்தில். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பள்ளியில் படித்த உயிரளபெடையும் இதன் உறவுதான். ‘ஓஒதல் வேண்டும்’ என்று குறளில் வரும்போது யாப்பின் ஓசை குறையாமலிருக்க ஓகாரம் நீள்கிறது. ஆகவே மெலிஸ்மாவுக்கு ‘இசையளபெடை’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். கமகம் என்று சிலர் சொன்னீர்கள், பிருகா என்று ஒருவர் சொன்னார். இரண்டும் நம் செவ்வியல் இசையில் தனித்தனிப் பொருளோடு வாழும் சொற்கள். கமகம் ஒரு சுரத்தின் அசைவு, பிருகா வேகமான ஓட்டம். மெதுவாக நெளியும் அந்த ‘ஓ’வை இரண்டும் முழுதாகப் பிடிக்காது. சரி, இது கிளைப்பேச்சு. தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

> ஜாஸ், ராக் மாதிரி சோல் என்றே விட்டுவிட்டால் என்ன? கேட்பவர்கள் அப்படித்தானே சொல்கிறார்கள்?

கேட்பவர்கள் சொல்லட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஜாஸ் வேறு, சோல் வேறு. ஜாஸ் என்ற பெயரைக் கேட்கும் ஆங்கிலம் பேசுகிறவருக்கும் அது வெறும் பெயர்தான். சோல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் அன்றாடச் சொல். 1967இல் டெட்ராய்ட் நகரம் கலவரத்தில் பற்றி எரிந்தபோது, கறுப்பினக் கடைக்காரர்கள் தங்கள் கடைக் கண்ணாடியில் ‘சோல் பிரதர்’ என்று எழுதி வைத்தார்கள். இது நம்ம ஆள் கடை, கை வைக்காதே என்று பொருள். வீட்டுச் சாப்பாட்டுக்கும் அதே பெயர், ‘சோல் ஃபுட்’. பில்போர்ட் என்ற அமெரிக்க இசை இதழ் 1969இல் தன் கறுப்பின இசைப் பட்டியலுக்கே சோல் என்று பெயர் மாற்றியது. இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ‘சோல் இசை’ என்று எழுதினால் வாசகருக்கு இதில் எதுவும் போய்ச் சேராது. உயிர் என்றால் சேரும். நம்மிடம் ஏற்கெனவே உயிர்த்தோழன் இருக்கிறான் அல்லவா? ‘சோல் பிரதர்’ அவனுடைய அண்ணன் தம்பிதான்.

> உயிரிசை என்றால் ‘உயிரி’ என்று பிரித்து, உயிரியல் சம்பந்தப்பட்ட ஏதோ என்று நினைப்பார்களே?

இது நியாயமான கவலை. இரண்டு நாள் இதிலேயே மனம் சுற்றியது. ‘உயிர்ப்பாட்டு’ என்று மாற்றிப் பார்த்தேன். ஆனால் மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ் என்ற குழு வாசித்த வாத்திய இசையும் சோல்தான். அதில் பாட்டே கிடையாது. ஆகவே இசை என்ற சொல் வேண்டும். உயிரெழுத்து, உயிரோசை என்பவற்றை யாரும் உயிரியோடு குழப்பிக்கொள்வதில்லை. பழகினால் உயிரிசையும் அந்த வரிசையில் சேர்ந்துவிடும். கட்டுரையில் முதன்முறை வரும்போது ‘சோல் எனப்படும் உயிரிசை’ என்று எழுதிவிடுகிறேன். ‘தென்மாநில உயிரிசை’, ‘உயிரிசைப் பாடகி’ என்று நீட்டவும் தடையில்லை.

‘எல்லா இசையிலும் உயிர் உண்டே’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். உண்டு. சாம் குக் ஒருவரிடமே அளவு மாறும். 1963 சனவரியில் மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில், கறுப்பின மக்கள் நிறைந்த கூடத்தில் அவர் பாடியதைப் பதிவு செய்தார்கள். குரல் கரகரக்கிறது, கூட்டம் கூடவே கத்துகிறது, வியர்வை நாற்றம்கூட அடிக்கும் போலிருக்கும். இவ்வளவு முரட்டுத்தனம் விற்காது என்று நினைத்த நிறுவனம் அதை வெளியிடவே இல்லை. 1985இல்தான் வந்தது, அவர் இறந்து இருபது ஆண்டு கழித்து. நியூயார்க்கின் கோபகபானா விடுதியில் 1964இல் வசதியான கூட்டத்துக்கு முன் பாடியது உடனே வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எதற்கு உயிரிசை என்று பெயர் வைக்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்து இரண்டாவது காலியிடம். ‘பாடகர், பாடலாசிரியர்’ என்று எழுதிவிடலாம் என்றார்கள். எனக்கு அது போதவில்லை. தமிழில் பாடலாசிரியர் என்றால் சினிமாதான் நினைவுக்கு வருகிறது. வரிகளை எழுதுகிறவர் அவர், மெட்டு இன்னொருவருடையது. சாம் குக் இரண்டையும் செய்தவர். வாக்கேயக்காரர் என்பது சரியான பொருள்தான், ஆனால் தியாகராசரும் தீட்சிதரும் உடனே வந்து நின்றுவிடுகிறார்கள். நம் கிராமத்தில் ‘அவர் நல்லா பாட்டுக் கட்டுவார்’ என்போம். அதில் வரியும் மெட்டும் சேர்ந்தே இருக்கும். அதிலிருந்து ‘பாட்டுக்கட்டுநர்’ என்று எடுக்கிறேன்.

இந்தச் சொல்லில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் பணம். பாட்டைக் கட்டியவர் யார் என்பதை வைத்துத்தான் பாட்டின் உரிமைத்தொகை போகும். 1957இல் ‘யூ செண்ட் மீ’ அமெரிக்காவின் முதலிடப் பாட்டானது. கட்டியது சாம் குக். ஆனால் முன்பு ஒப்பந்தம் போட்டிருந்த இசைத்தட்டு நிறுவனத்தார் கைக்கு உரிமை போகாமலிருக்கத் தம்பி எல். சி. பெயரைப் போட்டார். பிறகு நண்பர் ஜே. டபிள்யூ. அலெக்சாண்டரோடு சேர்ந்து பாட்டுரிமைக்கென்று ஒரு நிறுவனம், ‘சார்’ என்று ஓர் இசைத்தட்டு நிறுவனம். பாடியதற்குக் கூலி வாங்கிக்கொண்டு கறுப்பினப் பாடகர்கள் போய்விட வேண்டும் என்றிருந்த காலத்தில், பாட்டின் சொந்தக்காரன் நான் என்று சொன்னவர் அவர். ‘பாடகர்’ என்று மட்டும் எழுதினால் இந்தப் பாதி வாழ்க்கை காணாமல் போகிறது.

பாடுபவருக்குக் கூட்டமோ துணைக்குரலோ பதில் கொடுக்கும் முறையை ‘அழைப்பும் பதிலும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எனக்கு மொழிபெயர்ப்பாகவே கேட்கிறது. ‘பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ’ பாட்டில் லூ ராவ்ல்ஸ் என்ற பாடகர் கூடவே நின்று ஒவ்வொரு அடிக்கும் குரல் கொடுப்பார். வில்லுப்பாட்டில் ‘ஆமாம்’ போடுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. நீளமான பதில் என்றால் எசப்பாட்டு, குறுகிய பதில் என்றால் ஆமாம் போடுதல். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கட்டுரையின் கடைசிப் பகுதியைத்தான் முதலில் எழுதி முடித்தேன். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், அறை பதிவு செய்திருந்த விடுதியில் அவரையும் மனைவியையும் உள்ளே விடவில்லை. சத்தம் போட்டதற்குப் போலீஸ் பிடித்துப் போனது. சில மாதங்களில் ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’ பதிவானது. நிறவெறியால் விரட்டப்படுவதை நேராகச் சொல்லும் ஒரு சரணம் அதில் உண்டு. தனி இசைத்தட்டாக வெளியிட்டபோது அந்தச் சரணத்தை வெட்டிவிட்டார்கள். அந்தத் தட்டு 1964 டிசம்பர் 22இல் வந்தது. அதற்குப் பதினோரு நாள் முன்பு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சிறு விடுதியில் அவர் சுடப்பட்டு இறந்திருந்தார். வயது 33. குடிமை உரிமைப் போராட்டத்தில் அந்தப் பாட்டு ஊர் ஊராகப் போனதை அவர் பார்க்கவில்லை.

ஆக, முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘சாம் குக் (1931–1964), சோல் எனப்படும் உயிரிசையை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஆப்பிரிக்க அமெரிக்கப் பாடகர், பாட்டுக்கட்டுநர்.’

‘பாட்டுக்கட்டுநர்’ வாயில் உறுத்துகிறதா என்று இரண்டு மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இதைவிட நல்லது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன். இசையளபெடைக்கு நாளை தனி மடல் போடுகிறேன்.

அன்புடன்.