கர்ணன் புகழுக்காகத்தான் கொடுத்தான் என்றால் அது தன்னலமா?

அரைப்புள்ளி:

இலக்கியப் பாத்திரங்களில் தன்னலமும் தியாகமும் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். தொடங்கிய இடத்திலேயே சிக்கல். கர்ணனைத் தியாகி என்று எழுதினால், "புகழுக்காகத்தானே கொடுத்தான்" என்று ஒரே வரியில் கவிழ்த்துவிடலாம். கும்பகர்ணன் சோற்றுக்கடனுக்காக, சங்ககால வள்ளல் பேகன் பேருக்காக, நாவல் நாயகன் காதலுக்காக. தோண்டத் தோண்ட எல்லாருக்குள்ளும் ஒரு 'நான்' அகப்படுகிறது. அப்படியானால் தன்னலமற்ற பாத்திரம் என்று ஒன்று கிடையவே கிடையாதா? இல்லை, நான் தோண்டும் இடம் தப்பா? பிரதியை வைத்துக்கொண்டு இதை எப்படி முடிவுசெய்வது? "மனித இயல்பே சுயநலம்தான்" வகைப் பதில்கள் வேண்டாம், அதை நானே எழுதிக்கொள்வேன்.

ஓலைச்சுவடி:

தோண்டும் இடம்தான் தப்பு. உயிருள்ள மனிதனின் நோக்கத்தையே யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. பாத்திரத்துக்கோ மனசு என்று தனியாக ஒன்று கிடையாது, வரிகள் மட்டும்தான். வரிகளில் அகப்படுவதைக் கேளுங்கள். நான்கு கட்டம் போட்டுக்கொண்டால் போதும்: என்ன கொடுத்தான், அது யாருக்கு உரியது, கொடுத்தபின் யார் கை காலியானது, அதை யார் பார்த்தார்கள். நோக்கம் ஐந்தாவது கட்டம். அதையும் பாத்திரமே வாய்திறந்து சொன்னால் மட்டும் நிரப்புங்கள்.

பேகனை வைத்துச் செய்துபாருங்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்றுதான் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். புறநானூறு 141இல் பரணர் அவனை வானளாவப் புகழ்கிறார்: அவன் கொடை "மறுமை நோக்கின்றோ அன்றே, பிறர் வறுமை நோக்கின்று". அடுத்த பிறவிக்கு வரவு வைத்துக் கொடுப்பவன் அல்லன், அடுத்தவன் வறுமையைப் பார்த்துக் கொடுப்பவன். உங்கள் கட்டுரைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், நாலு பாட்டு தள்ளி 145ஐ எடுங்கள். அதே பரணர், அதே பேகன், அதே மயில். குளிரில் மயில் நடுங்குமே என்று அருள்கொண்டு படாம் (போர்வை) ஈந்தவனே என்று விளித்துவிட்டுச் சொல்கிறார்: "பசித்தும் வாரேம், பாரமும் இலமே." பசித்து வரவில்லை, எங்களுக்குச் சுமக்கவேண்டிய சுற்றமும் இல்லை. நாங்கள் கேட்கும் பரிசில், நீ இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைக் களைவது. 'அவள்' பேகனின் மனைவி கண்ணகி, சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள். அவளைப் பிரிந்து வேறொருத்தியோடு இருந்தான் பேகன். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நால்வர் 143 முதல் 147 வரை இதே வழக்கைப் பாடுகிறார்கள். அரிசில் கிழார் ஒருபடி மேலே போய், உன் அணிகலனும் செல்வமும் எங்களுக்கு வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறார்.

இப்போது மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? மயிலால் யார் கையும் காலியாகவில்லை. ஆனால் கேட்காத மயிலின் நடுக்கம் தெரிந்த கண்ணுக்கு, வீட்டில் அழுகிறவளின் நடுக்கம் தெரியவில்லை. பரணர் மயிலை இரண்டாம் முறை எடுத்தது அதற்காகத்தான் என்று நான் வாசிக்கிறேன். பேகனைத் தன்னலக்காரன் என்று யாரும் சொல்லவில்லை. அவன் அருள் எந்தத் திசையில் பாய்கிறது, எங்கே நின்றுபோகிறது என்பதே கேள்வி.

1852-53இல் தொடராக வந்த 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் டிக்கன்ஸ் இதே ஆளைச் சிரிப்பாகப் படைத்திருக்கிறார். திருமதி ஜெல்லிபி ஆப்பிரிக்க மக்களின் நலனுக்காக ஓயாமல் கடிதம் எழுதுவிக்கிறாள். வாசலில் அவள் பிள்ளையின் தலை கம்பிவேலியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எழுதி எழுதி மூத்த மகள் மேலெல்லாம் மசி. கொடுப்பது ஜெல்லிபி, கை காலியாவது பிள்ளைகளுக்கு. நான்கு கட்டத்தில் வைத்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

நடுப்பக்கம்:

கட்டம் சரி. ஆனால் கர்ணனை அதில் வைக்குமுன் எந்தக் கர்ணன் என்று முடிவுசெய்யுங்கள். பாதிக் கட்டுரைகள் சறுக்குவது இங்கேதான். இரண்டு நூல்களை ஒரே பத்தியில் குழைத்துவிட்டு முரண்பாடு என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

வியாச பாரதத்தின் வனபருவத்தில், இந்திரன் கவச குண்டலத்தைக் கேட்டு வரப்போகிறான் என்று சூரியன் முன்கூட்டியே கனவில் வந்து எச்சரிக்கிறான். கர்ணன் சொல்லும் பதிலில் ஒளிவுமறைவே இல்லை: உயிரைவிடப் புகழ் பெரிது. மாற்ற முடியாது என்று கண்டதும், கொடுப்பதானால் பதிலுக்குச் சக்தி ஆயுதத்தைக் கேள் என்று சூரியனே யோசனை சொல்கிறான். கர்ணன் அப்படியே கேட்டு வாங்குகிறான். கவசத்தை அறுத்தபின் உடம்பு கோரமாகத் தெரியக்கூடாது என்றும் கேட்கிறான். ஒருமுறை மட்டுமே எறியக்கூடிய அந்த ஆயுதம் கடைசியில் கடோற்கசன்மேல் செலவாகிறது. இங்கே தானம் பாதி, பேரம் பாதி. "புகழுக்காக" என்ற உங்கள் வாதம் இந்தக் கர்ணனுக்குப் பொருந்தும், ஏனென்றால் அவனே வாய்திறந்து சொல்லிவிட்டான்.

வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்துக் கர்ணன் வேறு ஆள். பதினேழாம் நாள் போரில் அம்பு தைத்துக் கிடக்கிறான். வேதியர் வேடத்தில் வந்த கண்ணன் கேட்பது அவன் செய்த புண்ணியம் முழுவதையும். தாரை வார்க்க நீருக்குப் பதில் மார்பில் வழியும் குருதி. பிறகு என்ன வரம் வேண்டும் என்று கேட்டால், இன்னும் பிறப்பு உண்டென்றால் "இல்லை என்று இரப்போர்க்கு இல்லை என்று உரையா இதயம்" வேண்டும் என்கிறான்.

இதைப் புறநானூறு 134க்குப் பக்கத்தில் வையுங்கள். ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பாடும் முடமோசியார், இம்மையில் செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவனுக்கு 'அறவிலை வணிகன்', அதாவது அறத்தை விலைபேசும் வியாபாரி என்று பெயர் வைக்கிறார். ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்கிறார். தமிழில் இந்தத் தலைப்புக்கு இதைவிடக் கூர்மையான சொல் இல்லை என்பேன். வில்லியின் கர்ணன் தானம் செய்து சேர்த்த கணக்கையே தூக்கிக் கொடுத்துவிடுகிறான். வணிகனாக இருந்தால் கடையோடு கொடுத்த மாதிரி. அதற்காகச் சபையில் திரௌபதியை இழிவாகப் பேசிய பக்கத்தைக் கிழித்துவிட வேண்டாம். கொடையாளி என்பதால் நல்லவன் என்று ஆகிவிடாது.

மசிக்கறை:

நீங்க ரெண்டு பேரும் ஆபுத்திரனை விட்டுட்டீங்களே! மணிமேகலை, பாத்திர மரபு கூறிய காதை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரம் கையிலே இருக்கு, ஊரெல்லாம் சாப்பாடு போடறான். இந்திரன் வந்து வரம் தர்றேன்னா சிரிக்கிறான். கோபத்துல இந்திரன் மழையைப் பெய்யவெச்சு நாட்டைச் செழிக்கவெச்சிடறான். பசிச்சவனே இல்ல, ஆபுத்திரனைத் தேடி வர ஆளே இல்ல. எப்பேர்ப்பட்ட தண்டனை பாருங்க! கொடுக்கிறவனுக்கு வாங்கிக்க ஒருத்தன் வேணும், அந்த ஒருத்தனைப் பறிச்சுட்டான். பசி இருக்கிற சாவகத்துக்குக் கப்பல் ஏறினா, வழியிலே மணிபல்லவத்துல இவனை விட்டுட்டுக் கப்பல் போயிடுது. ஆளில்லாத தீவு, கையிலே வற்றாத பாத்திரம். அங்கே சொல்றான்: "மன்னுயிர் ஓம்பும் இம் மாபெரும் பாத்திரம் என்னுயிர் ஓம்புதல் யானோ பொறேஎன்." பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில விட்டுட்டு உண்ணாமலே உயிரை விடறான். உங்க கட்டத்துல இதைப் போட்டுப் பாருங்க.

அரைப்புள்ளி:

நன்றி. பேகனை நான் 141ஓடு நிறுத்தியிருந்தேன், 145ஐப் புரட்டவே இல்லை. இரண்டு கேள்வி. கும்பகர்ணன், வீடணன் இருவரில் யார் தன்னலமற்றவர் என்று ஒப்பிட்டு எழுதலாமா? தன்னலப் பக்கத்துக்குக் கைகேயி போதுமா?

ஓலைச்சுவடி:

ஒப்பிடுங்கள், தீர்ப்பு மட்டும் எழுதாதீர்கள். பட்டிமன்றத்தில் ஏற்கெனவே அடித்துத் துவைத்த துணி அது.

கம்பராமாயணத்துக் கும்பகர்ணனுக்கு அண்ணன் இராவணன் செய்தது தவறு என்று தெரியும். மந்திராலோசனையிலேயே "பேசுவது மானம், இடைப் பேணுவது காமம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவன். தன் பக்கம் அழைக்க வந்த வீடணனிடம் "நீர்க்கோல வாழ்வை நச்சி" (நீரில் போட்ட கோலம் போல நிலையாத வாழ்வை விரும்பி) என்று தொடங்கி, என்னை நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்கிறான். சாகும்போது இராமனிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, தம்பி வீடணனை இராவணனிடமிருந்து காப்பாற்று. எதிரணிக்குப் போன தம்பிக்காக! கட்டுரையாளர்கள் எல்லாரும் இதோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். இரண்டாவதை விடாதீர்கள்: சுக்கிரீவன் கடித்துப் போட்டதால் மூக்கில்லாத முகம், அதை முனிவரும் அமரரும் பார்க்கக்கூடாது, தலையை அறுத்துக் கடலில் போட்டுவிடு. உயிர் போகும் நேரத்தில் முகத்தைப் பற்றிய கூச்சம். உங்கள் முறைப்படி தோண்டினால் இதுவும் 'நான்'தான். இதை எடுத்துவிட்டுக் கும்பகர்ணனைப் படித்துப் பாருங்கள், வெறும் உபதேசப் படம் ஆகிவிடுவான். தன்னலமற்ற பாத்திரம் மரப்பொம்மையாகாமல் இருக்கக் கம்பன் ஒரு துளி மானத்தை விட்டுவைக்கிறான்.

வீடணன் அரியணைக்காகப் போனவன் என்று எழுதப்போகிறீர்கள் என்றால் அடைக்கலப் படலத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள். இராமன் இலங்கை அரசைத் தருகிறேன் என்றதும் அவன் கேட்பது: "இளையவற் கவித்த மோலி என்னையும் கவித்தி". பரதனுக்குக் கொடுத்த முடி, அதாவது பாதுகை. அரியணையும் அவனுக்குத்தான் வந்து சேர்ந்தது என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள். இரண்டும் உண்மை.

கைகேயி போதும், ஆனால் கடினமான பாத்திரம். மந்தரை வந்து இராமனுக்கு முடிசூட்டு விழா என்றதும் மகிழ்ந்து மாலையைப் பரிசாகக் கொடுத்தவள். பிறகு கேட்டதும் தனக்காக இல்லை, மகனுக்காக. 'கேட்டது யாருக்கு' என்று ஒரு கட்டம் சேர்த்தால் அதில் பரதன் பெயர்தான் வரும். அந்தப் பரதனுக்கோ அது வேண்டாம்! "என் பிள்ளைக்காக" என்ற சொல்லுக்குள் தன்னலம் எப்படிக் குடியிருக்கும் என்று காட்ட வேறு ஆள் தேடவேண்டியதில்லை. வெறும் பேராசைக்காரி என்று எழுதினால் மந்தரை பாத்திரத்துக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

நடுப்பக்கம்:

நாவல் நாயகன் என்று நீங்கள் சொன்னது சிட்னி கார்ட்டனையா? 1859இல் வந்த டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை'யில், தான் காதலிக்கும் லூசியின் கணவன் டார்னேக்குப் பதிலாகக் கில்லட்டினுக்குப் போகிறவன். அவனை எடுத்துக்காட்டாக எடுக்குமுன் ஒரு எச்சரிக்கை: குடித்துப் பாழாக்கிய வாழ்க்கை, அவன் கணக்கில் அதற்கு மதிப்பே இல்லை. மதிப்பில்லாததைக் கொடுப்பது தியாகமா என்று வாசகர் கேட்பார். தன் பேர் லூசியின் பிள்ளைக்கு வைக்கப்படும் என்று காண்பதாகவும் கடைசிப் பக்கத்தில் வருகிறது. ஆகவே கில்லட்டினைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். கூடவே சாகப்போகும் ஒரு தையல்காரச் சிறுபெண் வருகிறாளே, இவன் டார்னே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டு, கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்பவள். அவளுக்குக் கை கொடுத்ததால் லூசிக்கு ஒன்றும் இல்லை, பேருக்கும் ஒன்றும் இல்லை. எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அதை எடுங்கள்.

அரைப்புள்ளி:

எடுத்துக்கொண்டேன். ஆபுத்திரனுக்குக் கட்டம் போட்டேன், நான்காவதில் நிற்கிறது. ஆளில்லாத் தீவு என்பதால் பார்த்தவர் 'யாரும் இல்லை' என்று எழுதிவிடலாம்தானே?

மசிக்கறை:

எழுதிடாதீங்க, மாட்டிப்பீங்க. இந்தக் கதையை மணிமேகலைகிட்டச் சொல்றதே அறவண அடிகள்ங்கிற பௌத்தத் துறவி. அவன் உயிர் விடற நாள்ல நான் அங்கே போனேன், என்ன நேர்ந்ததுன்னு கேட்டேன், அவனே சொன்னான்னு அவரே சொல்றார். பார்த்தவர் ஒருத்தர் உண்டு.