பன்னிரண்டு மாடுகள் நின்றும் வயல் மண் இறுகுவது ஏன்?

கேள்வி (தம்பலகாமம்)
வணக்கம். மூன்று ஏக்கர் வயலில் பெரும்போகம், சிறுபோகம் இரண்டும் செய்கிறோம். பட்டியில் பன்னிரண்டு மாடுகள் நிற்கின்றன. அறுவடை இயந்திரம் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோல் உழவுக்கு இடைஞ்சல் என்பதால் எரித்துவிடுகிறோம். சாணத்தை வேலியோரம் குவித்துவைத்துப் புரட்டாதியில் வயலுக்கு ஏற்றுகிறோம். அப்படியிருந்தும் மண்வெட்டி இறங்குவதில்லை. கட்டியை உடைத்தால் ஒரு மண்புழுகூட இல்லை. சாணத்தைக் கூட்டிப் போட்டால் போதுமா?

பதில் (மூதூர்)
தம்பி, சாணத்தின் அளவில் குறையில்லை, அது வயலுக்கு வந்து சேரும் வழியில்தான் குறை. மாடு கழிக்கும் நைதரசனில் ஏறத்தாழப் பாதியும், பொட்டாசியத்தில் பெரும்பகுதியும் சலத்தில்தான் (மூத்திரத்தில்) போகின்றன. அதைப் பட்டித் தரை குடித்துவிடுகிறது. மழையில் நனையும் குவியலில் மிஞ்சியதும் கரைந்தோடுகிறது. நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில் தங்குகிறது. எரித்தால் அதிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும், சாம்பலை முதல் மழை அள்ளிச் செல்லும்.

ஆகவே வைக்கோலைப் பட்டியில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்புங்கள். சலத்தில் ஊறியதை வாரம் ஒருமுறை வாரி, சாணத்தோடு அடுக்கடுக்காகக் கிடுகுக் கூரையின் கீழ்க் குவியுங்கள். கைப்பிடியளவு எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக்கூடாது. குவியலின் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறினால்தான் களைவிதை சாகும். சூடு தணிந்ததும் புரட்டிவிடுங்கள். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது மக்காத சாணத்தை அவசரமாகக் கொட்டினேன்; அந்தப் போகம் நெல்லைக் களை மூடிவிட்டது. அந்த வேதனை உங்களுக்கு வரக்கூடாது.

பதில் (நிலாவெளி)
மூதூர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். எங்கள் மணல் தோட்டத்தில் எருவை ஒரேயடியாக இட்டால் மாரி மழை கீழே இறக்கிவிடுவதால், பிரித்துப் பிரித்து இடுகிறோம். வேலிக்குக் கிளிசரியா நட்டால், அதன் தழை மாட்டுக்கும் மண்ணுக்கும் உதவும். உங்கள் வயல் குடாப் பக்கமா? காய்ந்த மண்ணில் வெள்ளை பூத்தால் அது உப்பு. எருவோடு மட்டும் அது தீராது, மழைநீரைத் தேக்கி வடித்துக் கழுவ வேண்டும். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு மண்ணைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

பதில் (கந்தளாய்)
மண்வெட்டி எந்த ஆழத்தில் தடைப்படுகிறது என்பதைத் தம்பி சொல்லவில்லை. ஒரு சாணுக்குக் கீழ் என்றால், அது சேற்றுழவால் உண்டான இறுகிய மண்தளம். வயலில் நீரை நிறுத்துவதே அதுதான் என்பதால், ஆழ உழுது அதை உடைத்துவிடாதீர்கள். மேல்மண்ணே இறுகியிருந்தால், அறுவடை முடிந்த ஈரத்தில் மாடுகளை இறக்கியதும் காரணமாக இருக்கலாம். ஈர மண்ணில் குளம்பு அழுத்தும்போது காற்று புகும் துளைகள் அடைபடுகின்றன. தரை காயும்வரை மறித்துக் கட்டுங்கள். ஒரு மூலையிலாவது அந்த ஈரத்தில் பயறு விதைத்துப் பாருங்கள்.

கேட்டவர்
இன்று காலை மூன்று இடங்களில் வெட்டிப் பார்த்தேன். நான்கு விரற்கிடையிலேயே இறுக்கம் தொடங்குகிறது. மாடுகள் இறங்கும் கடவைப் பக்கம்தான் மிக மோசம். வெள்ளை பூக்கவில்லை. கடவையை அடைத்துவிட்டேன். எரிக்க வைத்திருந்த வைக்கோலில் இரண்டு வண்டி பட்டிக்கு வந்துவிட்டது.