பெரியப்பாவின் மீன் கத்திக்கு எந்த எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு)?

முத்து: பெரியப்பாவின் மீன் கத்தி அலகு தயார். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, பதமும் ஏற்றியாயிற்று. கைப்பிடியும் அலகும் சேரும் இடத்தில் போடும் பூணும், அதைப் பிடிக்கும் ரிவெட்டும்தான் பாக்கி. கடையில் ஒரு எஸ்எஸ் பட்டை கொடுத்தார்கள், காந்தம் ஒட்டவில்லை. அப்படியென்றால் 304 ரகம்தானே சித்தப்பா?

சித்தப்பா: காந்தத்தை மட்டும் நம்பாதே. 202 ரகத்திலும் ஒட்டாது. அதில் நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான், மிச்சத்துக்கு மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். 304-இல் நிக்கல் 8-க்குக் குறையாது.

சித்தப்பா: இன்னொன்று. நல்ல 304-ஐ வளைத்தால், அடித்தால் அந்த இடத்தை மட்டும் காந்தம் லேசாக இழுக்கும். அதைப் பார்த்து மட்டம் என்று ஒதுக்கிவிடாதே.

கலா அத்தை: இப்போதுதான் டபராவில் வைத்துப் பார்த்தேன் அண்ணா. நடுவில் ஒட்டவில்லை, விளிம்பு மடிப்பில் லேசாகப் பிடிக்கிறது!

கலா அத்தை: அது சரி, கத்தியையே இந்த ஸ்டீலில் அடித்தால் என்ன?

சித்தப்பா: 304-இல் முடியாது கலா. எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது, கூர் நிற்காது. கத்திக்கு 420, 440 என்று தனி ரகம் இருக்கிறது. பூண் வெட்டப்போவதில்லையே, அதற்கு இறுக வேண்டாம், துருப்பிடிக்காமல் இருந்தால் போதும்.

பெரியப்பா: முத்து, தூத்துக்குடிக் காற்றை மறந்துவிடாதே. பழைய கத்தியின் பூண் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு.

சித்தப்பா: அதனால்தான் அண்ணே, 316 போடச் சொல்வேன். மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருக்கும். உப்பு குழிகுழியாக அரிப்பதை 304-ஐவிட நன்றாகத் தாங்கும்.

முத்து: வெளிநாட்டில் கத்தி செய்பவர்கள் நிறையப் பேர் பூணுக்கு 416 போடுகிறார்களே?

சித்தப்பா: அரத்துக்கும் டிரில்லுக்கும் இணங்கி வரும், அதுதான் காரணம். கந்தகம் சேர்த்திருப்பதால், துளைக்கும்போது வரும் உலோகச் சுருள் உடைந்து உதிரும். ஆனால் துருவுக்கு வழி விடுவதும் அந்தக் கந்தகம்தான். குரோமியமும் 12 முதல் 14 சதவீதம்தான். காய்கறிக் கத்தி என்றால் தாராளமாகப் போடு. கடலோர மீன் கத்திக்கு வேண்டாம்.

முத்து: 316-இல் துளை போடுவது கஷ்டம் என்கிறார்களே.

சித்தப்பா: மழுங்கிய பிட்டை வைத்துத் தேய்த்தால் அந்த இடம் இறுகிவிடும், அப்புறம் புது பிட்டும் இறங்காது. கோபால்ட் பிட் வாங்கு. வேகத்தைக் குறை, அழுத்தத்தை விடாதே, கட்டிங் ஆயில் ஊற்று. சுருள் வந்துகொண்டே இருக்க வேண்டும். தூளாக வந்தால் நிறுத்திவிட்டு பிட்டைச் சாணை பிடி.

சித்தப்பா: ரிவெட்டும் அதே 316 கம்பியாக இருக்கட்டும். துளை வாயை லேசாக விரித்து, தலையைத் தட்டி நிரப்பித் தேய்த்தால் ரிவெட் இருக்கும் இடமே தெரியாது.

முத்து: பூணை வெள்ளி வைத்துப் பற்றவைக்கவா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டில் அலகின் பதம் இறங்கிவிடும். எபாக்ஸி பசை போதும். ஒட்டும் பரப்பை உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துடைத்துவிட்டுப் பூசு. துளைக்குள்ளும் பூசு. இடுக்கில் உப்புத்தண்ணீர் புகுந்தால் எஸ்எஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் இருக்கும் அலகின் இரும்புதான் சீக்கிரம் அரிபடும்.

பெரியப்பா: அப்படியென்றால் கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவி வைக்கிறேன்.

சித்தப்பா: ஆமாம் அண்ணே, அலகுக்கு அது கட்டாயம். முத்து, 316 என்று பில்லில் எழுதி வாங்கு. சந்தேகம் இருந்தால் மாலிப்டினம் பார்க்கும் சொட்டுத் திரவம் இருக்கிறது, பட்டறைக்குக் கொண்டு வா, பார்த்துவிடலாம்.

பெரியப்பா: பூணின் விளிம்பை நன்றாக உருட்டிவிடுப்பா. ஈரக் கையில் பிடித்துச் செதில் எடுக்கும்போது விரலை அறுக்கும்.

முத்து: சரி பெரியப்பா. பூணின் முன்பக்கத்தை உருட்டி பாலிஷ் போட்ட பிறகுதான் ஒட்டுவேன். ஒட்டிய பிறகு அங்கே அரம் வைத்தால் அலகில் கீறல் விழுந்துவிடும்.