நான்காம் இடத்துக்கும் பிளேஆஃபா?

கேட்டி அப்பா:
நான் ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டி ஊர்க்காரன். டெக்சஸ் உயர்நிலைப் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பாலில், பெரிய பள்ளிகள் ஆடும் 6ஏ வகுப்பில் 32 மாவட்டங்கள். (கலெக்டர் இருக்கும் மாவட்டம் அல்ல, அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துக் கட்டிய குழு.) ஒவ்வொன்றிலும் முதல் நான்கு அணிகளுக்கு பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் இறுதிக்கட்டப் போட்டி. ஆக 128 அணிகள்! பத்து ஆட்டங்களில் மூன்றை வென்ற அணிகூட நுழைந்துவிடுகிறது. இது போட்டியா, கல்யாணப் பந்தியா? எந்த மாவட்டம் எந்த மாவட்டத்தோடு மோதும் என்பதும் முன்கூட்டியே எழுதிவைத்த ஜாதகம். இரண்டு பலசாலிகள் இரண்டாம் சுற்றிலேயே மோதி ஒருவர் வீட்டுக்குப் போகிறார். பக்கத்து மாநிலமான லூசியானாவில் புள்ளிக்கணக்கு வைத்து மாநிலம் முழுவதையும் வரிசைப்படுத்துகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் முடியாது?

எல் பாசோ வாசி:
வரைபடத்தை விரித்துப் பாருங்கள் ஐயா. லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் சுமார் 530 கிலோமீட்டர். டெக்சஸின் மேற்கு முனையில் இருக்கும் எங்கள் எல் பாசோவிலிருந்து ஹூஸ்டன் ஏறக்குறைய 1,200. முதல் சுற்றில் பக்கத்து மாவட்டமான மிட்லாண்டுக்குப் போவதற்கே எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. என் மகன் பேண்டு குழுவில் டிரம்பெட் வாசிக்கிறான். வெள்ளி இரவு ஆட்டம் முடிந்து அவன் வீடு வந்து சேரும்போது பொழுது விடிந்திருந்தது. உங்கள் தரவரிசைப்படி ஹூஸ்டனுக்கு அனுப்பினால் ஞாயிறன்றுதான் திரும்புவான்.

பிளேனோ அம்மா:
நான்கு இடம் அதிகம் என்பவர்களுக்கு 1988 நினைவிருக்கிறதா? அப்போது மாவட்டத்துக்கு இரண்டே இடம். ஒடெஸா பெர்மியன், மிட்லாண்ட் லீ, மிட்லாண்ட் ஹை என்ற மூன்று பள்ளிகளும் சமநிலையில் நின்றன. லாரிக்காரர்கள் தங்கும் ஓரிடத்தில் நள்ளிரவில் நாணயம் சுண்டி, மிட்லாண்ட் ஹையை வெளியே அனுப்பினார்கள். ஒரு பருவத்து உழைப்பு ஒரு காசில் போனது! அதற்கு இந்தப் பந்தியே மேல்.

இன்னொன்று. 6ஏ-யில் தகுதிபெறும் நான்கு அணிகளில் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள இரண்டு முதல் டிவிஷனுக்கும், மற்ற இரண்டு அடுத்த டிவிஷனுக்கும் போகின்றன. இரண்டும் தனித்தனிப் போட்டி; டிவிஷனுக்கு 64 அணிகள், ஆறு சுற்று. மாவட்டச் சாம்பியன் எந்தப் பக்கம் விழுவார் என்பதை அவர் ஆட்டம் அல்ல, பள்ளியின் தலைக்கணக்கு தீர்மானிக்கிறது. கேட்டி அப்பாவின் கோபம் இதன்மேல் திரும்பியிருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன்.

கேட்டி அப்பா:
நாணயக் கதைக்குத் தலைவணங்குகிறேன். மாநிலம் முழுவதும் வேண்டாம். மாநிலத்தை நான்கு பிராந்தியங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; பிராந்தியத்துக்கு எட்டு மாவட்டங்கள்தானே, அதற்குள்ளாவது வரிசைப்படுத்தலாமே?

எல் பாசோ வாசி:
எங்கள் பிராந்தியத்தில் ஃபோர்ட் வொர்த் புறநகர்ப் பள்ளிகளும் இருக்கின்றன. அதுவும் 950 கிலோமீட்டருக்குமேல்.

கேட்டி அப்பா:
அப்படியானால் முதல் சுற்று பக்கத்து மாவட்டத்தோடு நடக்கட்டும். இரண்டாம் சுற்றிலிருந்து வரிசைப்படுத்துவோம்.

பிளேனோ அம்மா:
சனிக்கிழமை எதிரி யாரென்று தெரிந்து, அடுத்த வெள்ளிக்குள் ஸ்டேடியம், பஸ், பேண்டு எல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டும். இப்போது எதிரி இந்த இருவரில் ஒருவர் என்று முன்பே தெரிகிறது. அப்போதும் எங்கே ஆடுவது என்று இரு பயிற்சியாளர்களும் பேசி முடிப்பதற்குள் பாதி வாரம் ஓடிவிடுகிறது.

எல் பாசோ வாசி:
இரண்டாம் சுற்றுக்கு நான் ஒப்புக்கொள்கிறேன். பஸ் கட்டணத்தைக் கேட்டிக்காரர்கள் ஏற்பதாக இருந்தால்.